ராஜாவின் தலை எந்தப் பக்கம்?

பழைய ஆங்கிலேய வெள்ளிக் கரண்டி கிடைத்தால் எல்லோரும் முதலில் தேடுவது செய்தவரின் முதலெழுத்துகளை. நான் அதைக் கடைசிக்கு வைப்பேன். முதலில் பார்ப்பது கரண்டியில் குத்தியிருக்கும் மற்ற குட்டி முத்திரைகளை. நடக்கும் சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. முடிசூடிய சிறுத்தைத் தலை, வேறு ஊர் முத்திரை இல்லாவிட்டால், லண்டன்.

போர்ட்டோபெல்லோ சாலைச் சந்தையில் வாங்கிய தேக்கரண்டியில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து மழுங்கிப்போயிருந்தது. பாலிஷ் போட்டே தேய்த்துத் தொலைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள்! நல்லவேளை, அன்றைய ராஜா மூன்றாம் ஜார்ஜின் தலை தப்பியிருந்தது. வெள்ளிக்கு வரி கட்டியாயிற்று என்பதற்கு 1784 டிசம்பரில் வந்த முத்திரை அது. தொடக்கத்தில் மட்டும் தலை பள்ளமாக, இடப்பக்கம் பார்க்கும். 1786 முதல் புடைப்பாக, வலப்பக்கம் திரும்பிவிடும். என்னுடையதில் பள்ளம், நகத்தை வைத்தாலே தட்டுப்படுகிறது. ஆக, ஒன்றரை ஆண்டு இடைவெளிக்குள் காலம் சிக்கிவிட்டது.

பிறகுதான் லென்ஸ். வளைந்த கையெழுத்தில் 'எச்', 'பி': ஹெஸ்டர் பேட்மன். கணவர் இறந்தபின் 1761-இல் தன் பெயரிலேயே முத்திரை பதிந்து, 1790 வரை பட்டறையை நடத்தியவர். அவர் கையாலேயே தட்டிச் செய்தது என்று வியாபாரிகள் அளப்பதை நான் காதில் வாங்குவதில்லை. சரக்குக்குப் பொறுப்பு யார் என்பதை மட்டுமே அந்த முத்திரை சொல்லும். சுத்தியலைப் பிடித்தது மகனோ கூலியாளோ, யார் கண்டார்?