வெள்ளையாக இருந்தாலும் உயிரோடுதான்

முருகைக்கல் (பவளப்பாறை) கணக்கெடுப்பு என்றால் மீன்களோடு நீந்திப் படம் எடுப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வேலை என்னவோ டேப்பைப் பிடித்துக்கொண்டு குப்புறக் கிடப்பதுதான். திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக்கு நேரே இருக்கிற புறாமலைத் தீவில் நாங்கள் செய்வது ரீஃப் செக் முறை, பல நாடுகளில் தன்னார்வலர்கள் முருகையைக் கணக்கெடுக்கும் முறை: ஒரே ஆழத்தில் 100 மீட்டர் டேப்பை விரித்து, 20 மீட்டர் துண்டுகளாக 4, இடையில் 5 மீட்டர் விட்டு, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் நூலில் கட்டிய ஈயக்குண்டை இறக்கி, அது எதில் படுகிறதோ அதை சிலேட்டில் எழுத வேண்டும். மொத்தம் 160 புள்ளிகள். நீரோட்டம் இழுக்கும்போது குண்டு மணலில் படப்போகிறதா முருகையில் படப்போகிறதா என்று மனசு முருகைப் பக்கமே சாயும். பட்டதை எழுது, அவ்வளவுதான்.

இனம் பிரிப்பது தனி வேலை, அதைப் படத்தை வைத்துக் கரையில்தான் செய்வோம். முருகையின் ஒவ்வொரு சிறு உயிரும் ஒரு சுண்ணாம்புக் குழிக்குள் இருக்கும். கிளை நுனியில் ஒற்றைக் குழி தனியாகத் துருத்திக்கொண்டிருந்தால் அக்ரோபோரா. தேன்கூடு மாதிரி பக்கத்துப் பக்கத்துக் குழிகளுக்கு ஒரே சுவர் என்றால் ஃபேவைடிஸ்; தனித்தனிச் சுவர் என்றால் முன்பு ஃபேவியா என்று எழுதுவோம், 2012க்குப் பிறகு நம் பக்கத்துக் கடல் இனங்கள் டிப்சாஸ்ட்ரியா ஆகிவிட்டன. பழைய தாள்களோடு ஒப்பிட உட்கார்ந்தால் தலைவலி நிச்சயம்.

எனக்கு உண்மையான சிக்கல் வெள்ளை நிறத்தில்தான். கடல் சூடேறினால் முருகையின் சதைக்குள் வாழும் நுண்பாசி வெளியேறிவிடும், சதை கண்ணாடி போலாகி உள்ளே இருக்கிற சுண்ணாம்பு தெரியும். இதுதான் வெளிறல். முகத்தை ஒட்டிப் பார்த்தால் குழிகளுக்குள் சின்னச் சின்ன உணர்கொம்புகள் அசைவது தெரியும். அது உயிரோடு இருக்கிறது, தாளில் உயிருள்ள முருகை என்றுதான் விழும். முட்கிரீட நட்சத்திரமீன் தின்றுவிட்டுப் போன இடமும் வெள்ளைதான், ஆனால் அங்கே சதையே இருக்காது, தின்ற இடத்துக்கும் மீதிக்கும் நடுவே எல்லை பளிச்சென்று தெரியும், சில நாளில் பச்சைப் பாசி படியும். (ஸ்நோர்கல் செய்கிறவர்கள் ஏறி நின்று ஒடித்த கிளையின் முறிவும் வெள்ளைதான், அது வேறு கதை.)

சூடு தணியாவிட்டால் அந்த வெள்ளை முருகை செத்துப்போகும். ஒரு வருடம் வரை அதற்கு 'அண்மையில் இறந்தது' என்ற கட்டம். அதற்குப் பிறகு அது 'பாறை'. உடைந்து 15 சென்ரிமீட்டருக்கும் குறைவான துண்டுகளானால் 'சல்லி'. அதாவது வெளிறல் உச்சத்தில் இருக்கிற மாதத்தில் உயிருள்ள விகிதம் நன்றாகவே இருக்கும், இரண்டு வருடம் கழித்து வருகிறவருக்கு அங்கே பாறை அதிகம், அவ்வளவுதான். அதனால் வெளிறிய விகிதத்தைப் பக்கத்திலேயே எழுதாத எந்த அறிக்கையையும் நான் நம்புவதில்லை. 1998 வெளிறலில் இலங்கையின் மேற்குப் பக்கம் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்திலும் ஆழமில்லாத முருகைகள் அழிந்தபோது திருகோணமலை தப்பியது. 'இங்கே ஒன்றும் ஆகாது' என்று அதை வைத்து இன்னும் பேசுகிறவர்கள் உண்டு, 2024 ஏப்ரலில் உலகளவில் நான்காவது வெளிறல் நிகழ்வு அறிவிக்கப்பட்ட பிறகும்.

இன்னொரு தொல்லை வாடைக்காற்று. ஐப்பசிக்குப் பிறகு பல மாதம் இறங்கவே முடியாது, கடல் அடங்கிப் போய்ப் பார்த்தால் பாசி மூடிய கிளைகள் நிற்கும். எப்போது செத்தது? வெயில் காலத்துச் சூட்டிலா, மாரியில் ஆற்றோடு வந்த சேற்றிலா? படகோட்டி அண்ணையிடம் கேட்டேன். "மாரி துவங்க முன்னமே உது பச்சை பிடிச்சிட்டுது பிள்ளை, நான் கணவாய் பிடிக்கப் போகேக்க பாத்தனான்" என்றார். 'அண்மையில் இறந்தது' என்று போட்டு, அவர் சொன்னதைக் குறிப்பில் அப்படியே எழுதினேன்.