கிபாலே காட்டின் பழுப்பு வண்ணத்துப்பூச்சிகள்: பெயர் கண்டறிந்த அனுபவம்

மேற்கு உகாண்டாவிலுள்ள கிபாலே காட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சிம்பன்சியைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நான் போனது பைசைக்ளஸ் என்ற பழுப்பு வண்ணத்துப்பூச்சிப் பேரினத்துக்காக. சகாராவுக்குத் தெற்கே பரவியிருக்கும் இந்தப் பேரினத்தில் ஏறத்தாழ 100 சிற்றினங்கள் உண்டு. அவற்றில் பலவும் பழுப்பு நிறம்; சிறகின் அடிப்புறத்தில் வளைய வளையமாகக் கண்புள்ளிகள். கையில் இருப்பது இன்ன சிற்றினம் என்று சொல்லும் நிலைக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. உகாண்டா வனவிலங்கு ஆணையம், தேசிய அறிவியல் தொழில்நுட்ப மன்றம் இரண்டின் ஒப்புதலும் வேண்டும். விண்ணப்பத்தை எவ்வளவு முன்னதாகப் போடுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

தங்கியது கன்யவாராவில், மக்கரேரே பல்கலைக்கழகத்தின் கள நிலையத்தில். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம். காலையில் நல்ல குளிர். பைசைக்ளஸ் பூ நாடும் பூச்சி அல்ல. காட்டுத் தரையில் விழுந்து அழுகும் அத்திப்பழம் போன்றவற்றின் சாறுதான் அதன் உணவு. ஆகவே வலையோடு பின்னால் ஓட வேண்டியதில்லை, பொறி வைத்தால் போதும். வான் சோமரன்-ரைடன் பொறி என்பது உருளை வடிவில் தைத்த வலைத்துணி; மேற்புறம் மூடியிருக்கும், அடியில் சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஒரு தட்டு தொங்கும். தட்டில் புளித்த வாழைப்பழம். தின்று முடித்த பூச்சி மேல்நோக்கியே பறப்பதால் வலைக்குள் சிக்கிக்கொள்ளும். பழத்துக்கு உள்ளூரில் போகோயா என்று விற்கும் பெரிய வாழைப்பழத்தை வாங்கி, மசித்து, மூடிய வாளியில் சில நாள் புளிக்கவிட்டோம். கயிற்றில் கிரீஸ் தடவுவது அவசியம். இல்லையென்றால் எறும்புகள் இறங்கி, சிறகை மட்டும் மிச்சம் வைத்துவிடும். பபூன் குரங்குகளுக்கும் இந்தப் பழத்தின் மேல் தீராத ஆசை. அவை திரியும் பாதையிலிருந்து பொறிகளைத் தள்ளிக் கட்டினோம்.

பைசைக்ளஸ் தரையை ஒட்டியே பறக்கும். இடுப்பளவு உயரத்தில் கட்டிய பொறியில் அவை நிறைய விழுந்தன. மர உச்சிக்கு ஏற்றிய பொறிகளில் வலுவாகப் பறக்கும் கராக்ஸஸ் வகைகளே அதிகம். கீழ்ப்பொறியில் பச்சையும் நீலமும் மின்னும் யூஃபேத்ரா விழுந்தால் அன்றைக்கு மனம் துள்ளும். நம் ஊரில் அந்திவேளையில் வீட்டுக்குள் வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும் மெலானைடிஸ் லீடாவும் அங்கே உண்டு, அதே சிற்றினம்தான். முதன்முறை அதைப் பொறியில் கண்டபோது ஊர்க்காரரைச் சந்தித்த மகிழ்ச்சி.

பேரினம்வரை வருவது எளிது. முன்னங்கால் இரண்டும் சிறுத்து மார்போடு ஒட்டியிருக்கும். நான்கு கால்களில்தான் நிற்கும். நிம்ஃபாலிடே குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்கும் இது பொது. முன்சிறகு நரம்புகள் தொடங்கும் இடத்தில் குமிழ்போலப் பருத்திருந்தால், பெரும்பாலும் அது சட்டிரினே துணைக்குடும்பம். அதற்கு மேல்தான் சிக்கல். புதிதாக வருகிற எல்லோரும் கண்புள்ளிகளை எண்ணத் தொடங்குவார்கள். எனக்கு வழிகாட்டிய மூத்த கள உதவியாளர் முதல் நாளே, "புள்ளியை விடுங்கள் ஐயா, ஆண்பூச்சியின் மயிரைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டார். அதற்குக் காரணம் உண்டு. பல சிற்றினங்களில் புள்ளியின் அளவு பருவத்துக்கேற்ப மாறும். மலாவியில் 1988இல் பிடித்த பூச்சிகளிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கப்பட்டுவரும் பைசைக்ளஸ் அனினானாவில் இது தெளிவாக நிறுவப்பட்டது: புழு வெப்பத்தில் வளர்ந்தால் பெரிய புள்ளி, குளிரில் வளர்ந்தால் சிறியது. ஒரே தாயின் பிள்ளைகள் இரு வேறு சிற்றினங்கள்போலத் தோன்றும்.

ஆணின் பின்சிறகு மேற்புறத்தில், அடிப்பகுதிக்கு அருகே, ஒரு மயிர்க்கற்றை படிந்திருக்கும். மெல்லிய ஊசியால் அதை நிமிர்த்தினால் கீழே மணச்செதில்கள் அடர்ந்த திட்டு தெரியும். முன்சிறகின் அடிப்புறத்தில், பின்சிறகோடு உரசும் ஓரத்தில் இன்னொரு திட்டு. பெண்ணைக் கவரும் மணம் இங்கிருந்துதான் வருகிறது. கற்றை கறுப்பா வெளிறிய மஞ்சளா, எத்தனை கற்றைகள், திட்டு வட்டமா நீளமா என்பதை 10 மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்துக் குறித்தால், சிற்றினப் பட்டியல் மளமளவென்று சுருங்கிவிடும். சிறகை விரித்துப் பொருத்தும்போது அந்த அடிப்புறத் திட்டு மறையாமல் கவனிக்க வேண்டும். ஊசி குத்துமுன்பே இருபுறமும் படமெடுத்துவிடுவது என் வழக்கம்.

அப்படியும் தீராதவற்றுக்கு வயிற்றைப் பிரித்துப் பார்ப்பதுதான் வழி. வயிற்று நுனியை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு வெந்நீரில் வைத்தால் தசை கரைந்து, பூச்சியின் கடினமான மேலோட்டுப் பொருளான கைட்டின் மட்டும் நிற்கும். அதை நீரில் அலசி, தூரிகையால் செதில்களைத் தள்ளினால், ஆணின் இனப்பெருக்க உறுப்பில் பெண்ணைப் பற்றிக்கொள்ள உதவும் இரு பற்றுமடல்களும் நுண்ணோக்கியில் துல்லியமாகத் தெரியும். அவற்றின் வளைவும் நுனியும் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும். பார்த்து முடித்ததும் கிளிசரின் நிரப்பிய சிறு குப்பியில் இட்டு, பூச்சியின் பதிவு எண்ணையே அதற்கும் எழுத வேண்டும். ஒப்பிடுவதற்கு மிஷேல் காண்டமின் 1973இல் செனகலின் டக்காரிலிருந்து இந்தப் பேரினம் பற்றி வெளியிட்ட தனிநூல் இன்றும் அடிப்படை. பிரெஞ்சு தெரியாவிட்டாலும் அதன் கோட்டோவியங்களை நம்பி வேலை செய்யலாம். அந்த மனிதரின் பொறுமைமீது எனக்குப் பெரும் மரியாதை.

பெண்பூச்சிகள் இன்னும் கடினம். அவற்றுக்கு மயிர்க்கற்றை இல்லை. பைசைக்ளஸ் ஸ்மிதி, பைசைக்ளஸ் கோலோ என்ற இரு சிற்றினங்களும் ஒரே பொறியில் சேர்ந்து விழும் காட்டில், பெண்ணைச் சிறகை மட்டும் வைத்துப் பிரிக்க நான் துணியமாட்டேன். அத்தகைய ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு காலை எடுத்துச் சுத்தமான எத்தனாலில் வைத்திருக்கிறேன். மரபணுவை வாசிக்க அந்த ஒரு கால் போதும். முடிவு வரும்வரை அவற்றின் சீட்டில் இடம், உயரம், தேதி, பொறியின் எண், அதன் கீழே பைசைக்ளஸ் என்ற பேரினப் பெயர் மட்டும் இருக்கும்.