68 ஷெவெலுக்கு இக்னிஷன் மாற்றிய கதை: வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

போன ஆகஸ்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூவில், ராயல் ஓக் தாண்டி பர்மிங்ஹாம் நெருங்கும்போது, என் 1968 ஷெவர்லே ஷெவெல் மாலிபு நடுரோட்டில் நின்றுவிட்டது. ட்ரீம் குரூஸ் என்கிற பழைய வண்டி ஊர்வல நாள் அது. 1995-லிருந்து, 2020 தவிர, வருஷா வருஷம் நடக்கிறது, ஃபெர்ன்டேலிலிருந்து பாண்டியாக் நகரம் வரைக்கும் பழைய வண்டிகள் வரிசையாக ஊர்ந்து போகும், ஓரத்தில் நாற்காலி போட்டு ஜனங்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். முக்கால் மணி நேரம் ஊர்ந்ததில் 327 கன இஞ்ச் வி8 இன்ஜின் முதலில் லேசாக மிஸ்ஸிங் அடித்தது, அப்புறம் இருமிக்கொண்டே அணைந்துபோனது. ஏர் கிளீனரைக் கழற்றி த்ராட்டிலை இழுத்துப் பார்த்தேன், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நன்றாகப் பீய்ச்சியது. அப்போ கரண்ட்தான். அரை மணி நேரம் பானெட்டைத் திறந்து ஆறவிட்டதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது.

வீட்டுக்கு வந்து, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பைத் திறந்தால், காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் பாயிண்டின் ஒரு முகத்தில் சின்னப் பள்ளம், எதிர் முகத்தில் அதே அளவுக்கு ஒரு மேடு. உலோகம் ஒரு பக்கத்திலிருந்து பெயர்ந்து மறுபக்கத்தில் ஒட்டியிருந்தது. பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர் சரியில்லை என்பதற்கு இது பழைய அடையாளம். சூடேறினால் படுத்துவிடும், ஆறினால் எழுந்துகொள்ளும். புதுப் பாயிண்டும் கண்டென்சரும் போட்டேன். இரண்டு வாரம் நன்றாக ஓடியது, பிறகு ஐடிலிங்கில் அதே தடுமாற்றம் மெல்ல எட்டிப் பார்த்தது. எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறிவிடலாம் என்று முடிவெடுத்தது அன்றைக்குத்தான். எதற்கு மாறுவது என்று முடிவெடுக்க மூன்று மாதம் ஆனது.

பாயிண்ட் இக்னிஷன் மோசமான ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். நூறு வருஷத்துக்கு முன்னால் டெல்கோவின் சார்லஸ் கெட்டரிங் கொண்டுவந்த முறை, எழுபதுகள் வரை உலகத்து வண்டிகளில் பெரும்பாலானவை அதில்தான் ஓடின. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எட்டு முனை கேம் சுற்றுகிறது, ஒவ்வொரு முனையும் பாயிண்டைத் திறக்கிறது, திறந்த நொடியில் காயிலில் சேர்ந்த காந்தப்புலம் சரிந்து பிளக்கில் பொறி விழுகிறது. ஒரு வி8 இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு 200 பொறி வேண்டும். ஒரு பொறிக்குக் கிடைப்பது 5 மில்லிசெகண்ட், அதில் பாயிண்ட் மூடியிருந்து காயில் நிரம்ப 3.3 மில்லிசெகண்ட். 6,000-க்குப் போனால் அது 1.7 ஆகிவிடும், காயில் பாதி நிரம்பும்போதே திறந்தாக வேண்டும். இது போக, கேம் மேல் உரசும் அந்த ஃபைபர் கட்டை தேயத் தேய இடைவெளி குறைகிறது, டைமிங்கும், அதாவது பொறி விழும் நேரமும், பின்னால் தள்ளிப்போகிறது. நான் ரேஸ் ஓட்டுகிறவன் இல்லை, 6,000 எனக்குத் தேவையே இல்லை. ஐடிலிங்கும், சூட்டில் நின்று போவதும்தான் என் பிரச்சினை. இதை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டிருந்தால் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும்.

என் முன்னால் மூன்று வழி இருந்தது. ஒன்று, ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம் எழுபதுகளின் நடுவில் தன் வண்டிகளுக்குக் கொண்டுவந்த எச்இஐ என்கிற எலெக்ட்ரானிக் இக்னிஷன். காயில் கேப்பின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும், உள்ளே பாயிண்டின் வேலையைச் செய்யும் நாலு முனை எலெக்ட்ரானிக் மாட்யூல், ஒரே ஒரு 12 வோல்ட் ஒயர் கொடுத்தால் வேலை முடிந்தது. எந்த ஊரில் நின்றாலும் உதிரிபாகம் கிடைக்கும். ஓட்டுவதற்கு மட்டும் வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு இன்றைக்கும் நான் இதைத்தான் சொல்வேன். எனக்கு இடித்தது அந்தப் பெரிய கேப். 68-ல் இல்லாத ஒரு பொருள், பானெட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். என் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பில் பார்ட் நம்பரும் தேதிக் குறியீடும் பொறித்திருக்கிறது, வண்டியோடு பிறந்தது, அதைக் கழற்றி அலமாரியில் போட மனசு வரவில்லை.

இரண்டாவது, எம்எஸ்டி 6ஏ மாதிரியான பெட்டி. கெப்பாசிட்டரில் 500 வோல்ட் அளவுக்குச் சேர்த்து வைத்து ஒரே அடியாகக் காயிலில் இறக்கும், 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே ஒரு பொறி விழ வேண்டிய இடத்தில் பல பொறி கொடுக்கும். பழைய பாயிண்டையே சிக்னலுக்கு வைத்துக்கொள்ளலாம், பாயிண்ட் வழியாகப் போகும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் அது கருகாது. இது என்னை ரொம்ப நாள் இழுத்தது. ஆனால் பாயிண்ட் தப்பான நேரத்தில் திறந்தால், பெட்டி அந்தத் தப்பான நேரத்தில் பலமான பொறியைக் கொடுக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது, பெர்ட்ரானிக்ஸ் இக்னைட்டர் வகை. பாயிண்ட் இருந்த இடத்தில் காந்தத்தை உணரும் ஒரு சின்ன ஹால் எஃபெக்ட் மாட்யூல், கேம் மேல் ஒரு காந்த வளையம், காயிலுக்கு இரண்டு ஒயர். கேப்பை மூடினால் வெளியே ஒன்றும் தெரியாது.

வாங்கும் பட்டன் மேல் விரலை வைத்த பிறகுதான் ஒன்று தோன்றியது: காயிலுக்கு உண்மையில் எத்தனை வோல்ட் போகிறது? சாவியை ஆன் செய்து காயில் பிளஸ்ஸில் மல்டிமீட்டரை வைத்தேன், 12.5 காட்டியது. நல்லதுதானே என்று நினைத்தேன். அப்புறம் சந்தேகம் வந்து இன்ஜினைக் கையால் கொஞ்சம் சுழற்றி மறுபடியும் அளந்தேன், 6.4. முதல் தடவை பாயிண்ட் திறந்திருந்தது, கரண்ட் ஓடவில்லை, அதனால் காயிலுக்கு வரும் ரெசிஸ்டர் (மின்தடை) ஒயரில் இழப்பே இல்லை. மூடியதும் பாதி வோல்ட் அந்த ஒயரில் போய்விட்டது. இந்த ஒரு விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், தயவுசெய்து பாயிண்ட் மூடியிருக்கும்போது அளந்து பாருங்கள். ஜிஎம் அதை வேண்டுமென்றே அப்படி வைத்தது. துணிச் சுற்று போட்ட அந்த ரெசிஸ்டர் ஒயர் பாயிண்ட் கருகாமல் காப்பாற்றுகிறது. ஸ்டார்ட்டர் சுற்றி பேட்டரி இறங்கும் நேரத்தில் மட்டும் சாலினாய்டின் ஆர் முனையிலிருந்து ஒரு மஞ்சள் ஒயர் முழு வோல்ட்டையும் நேராகக் காயிலுக்குக் கொண்டுவரும். பாயிண்டுக்கு இது அருமையான ஏற்பாடு. மாட்யூலையோ எச்இஐயையோ இதே ஒயரில் மாட்டினால் அதற்குச் சாப்பாடு பாதிதான்.

இரண்டாவது அளவு ட்வெல், அதாவது கேம் சுற்றும்போது பாயிண்ட் எத்தனை டிகிரிக்கு மூடியிருக்கிறது என்பது. டெல்கோ டிஸ்ட்ரிபியூட்டரில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், கேப்பில் ஒரு சின்ன உலோக ஜன்னல் இருக்கும், அதைத் தூக்கிவிட்டு இன்ஜின் ஓடும்போதே 1/8 இஞ்ச் ஆலன் கீயை நுழைத்து பாயிண்டைச் சரி செய்யலாம். 30 டிகிரி வைத்தேன். முள் நிற்கவில்லை. 27, 33, 29 என்று ஆடிக்கொண்டே இருந்தது. டைமிங் லைட்டை அடித்தால் இன்ஜின் முன்னால் சுற்றும் பேலன்ஸர் சக்கரத்தில் இருக்கும் கோடு ஒரே இடத்தில் நிற்காமல் நடுங்கியது. கேப்பைக் கழற்றி ரோட்டரைப் பக்கவாட்டில் அசைத்தேன், ஷாஃப்ட் கையோடு வந்தது. ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. ஷாஃப்ட் ஆடினால் பாயிண்ட் இடைவெளியும் ஆடும், ஒரு டிகிரி ட்வெல் மாறினால் டைமிங்கும் ஒரு டிகிரி மாறும். எந்த மாட்யூலை வாங்கிப் போட்டிருந்தாலும் இந்த ஆட்டம் அப்படியேதான் இருந்திருக்கும்.

இதற்கு மேல் முடிவு சுலபமாகிவிட்டது: சொந்த டிஸ்ட்ரிபியூட்டரைச் சரி செய்து, உள்ளே ஹால் மாட்யூல், ரிலே (சின்னக் கரண்டில் பெரிய கரண்டைத் திறக்கும் சுவிட்ச்) வழியாக முழு 12 வோல்ட்.

முதல் சிலிண்டரை கம்ப்ரஷன் டாப்பில் நிறுத்தி, ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஃபயர்வாலில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுக் கழற்றினேன். கியர் சாய்வாக வெட்டியிருப்பதால் தூக்கும்போது ரோட்டர் கொஞ்சம் திரும்பும், தூக்கி முடித்ததும் அந்த இடத்திலும் இரண்டாவதாக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், மாட்டும்போது அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பக்கத்து ஊர் மெஷின் ஷாப்பில் புஷ் மாற்றி, ஷிம் வைத்து மேலும் கீழும் ஆடுவதையும் சரி செய்து கொடுத்தார்கள். திரும்பி மாட்டும்போது முழுதாக உட்காராமல் ஒரு விரல்கனம் தூக்கி நின்றது. கீழே டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றிவிடும் ஆயில் பம்ப் ஷாஃப்டின் வெட்டு நேராக வரவில்லை. இந்த இடத்தில் போல்ட்டை முறுக்கி இறக்கப் பார்க்கவே கூடாது. வெட்டு நேராகும்வரை ஸ்டார்ட்டரைத் தட்டி இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்ற, மகளை ஸ்டியரிங் பக்கம் உட்கார வைத்தேன்.

"அப்பா, இப்போ திருப்பட்டுமா?"

"ஒரே ஒரு தட்டு. உடனே விட்டுடும்மா."

காயில் ஒயரைக் கழற்றி வைத்திருந்ததால் பொறி பயம் இல்லை. உள்ளங்கையால் டிஸ்ட்ரிபியூட்டரை லேசாக அழுத்திப் பிடித்திருந்தேன், மூன்றாவது தட்டில் 'டொக்' என்று தானாக இறங்கி உட்கார்ந்தது. அந்தச் சத்தம் இன்னும் கையில் இருக்கிறது.

ஒயரிங்கில் ஒரு இஞ்ச்கூட வெட்டவில்லை. காயில் பிளஸ்ஸில் இருந்த ரெசிஸ்டர் ஒயரையும் மஞ்சள் ஒயரையும் அப்படியே எடுத்து ரிலேயின் 86 எண் முனையில் மாட்டினேன், 85 எர்த். ரிலேயை எழுப்ப மிகக் கொஞ்சம் கரண்ட் போதும் என்பதால் ரெசிஸ்டர் ஒயர் அங்கே ஒரு தடையே இல்லை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தடியான ஒயர் 30-க்கு, 87-லிருந்து மாட்யூலின் சிவப்பு ஒயருக்கும் புதுக் காயிலுக்கும். வி8-க்கு 1.5 ஓம் காயில், அதற்குக் கீழே போனால் முதல் தலைமுறை மாட்யூல் தாங்காது. பழைய ஓனர் போட்டிருந்த செம்புக் கம்பி பிளக் ஒயர்களையும் தூக்கிவிட்டேன், அவை கிளப்பும் மின் இரைச்சல் எலெக்ட்ரானிக் மாட்யூலுக்கு ஆகாது, இரைச்சலை அடக்கும் சப்ரஷன் வகை ஒயர்தான் வேண்டும். பிளக் இடைவெளியை 0.035-லிருந்து 0.040 இஞ்சுக்கு ஏற்றினேன்.

வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, 3,000 ஆர்பிஎம்மில் மொத்தம் 36 டிகிரி வரும்படி டைமிங் வைத்தேன். லைட்டை அடித்தபோது அந்தக் கோடு வரைந்து வைத்த மாதிரி அப்படியே நின்றது. ஐடிலிங்கில் காயில் பிளஸ்ஸில் 13.8 வோல்ட். குளிர் காலையில் சாவியைத் தொட்ட உடனே பற்றுகிறது, சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் ஆடுவதில்லை. பவர் கூடியதா, மைலேஜ் கூடியதா என்று கேட்டால், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அதற்காக நான் செய்யவும் இல்லை. மே மாதக் கடைசியில் வெயிலில் ஒரு மணி நேரம் டிராஃபிக்கில் ஊர்ந்து பார்த்தேன், ஒரு இருமல்கூட இல்லை.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் வீட்டில் எல்லாரும் மாற்ற வேண்டியிருந்தது. இன்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டால் இந்த வகை மாட்யூல் சூடேறிச் செத்துவிடும், பாட்டு கேட்க அக்சஸரி பக்கம் திருப்ப வேண்டும். இரண்டாம் தலைமுறை மாட்யூலில் இதற்குப் பாதுகாப்பு உண்டு, இன்றைக்கு வாங்கினால் கூடுதல் காசு கொடுத்து அதையே வாங்குவேன்.

கிளவ் பாக்ஸில் ஒரு டப்பாவில் பாயிண்ட், கண்டென்சர், ஃபீலர் கேஜ், அந்த 1/8 இஞ்ச் ஆலன் கீ இருக்கிறது. பழைய காயில் டிக்கியில். மாட்யூல் ரோட்டில் போய்விட்டால் ரெசிஸ்டர் ஒயரையும் மஞ்சள் ஒயரையும் ரிலேயிலிருந்து எடுத்துப் பழைய காயிலில் மாட்ட வேண்டும், புதுக் காயிலோடு முழு 12 வோல்ட்டில் பாயிண்டை ஓட்டக் கூடாது. இதை ஓர் அட்டையில் எழுதி டப்பாவுக்குள்ளேயே வைத்திருக்கிறேன், நான் இல்லாதபோது மகள் வண்டியை எடுத்தாலும் பார்த்துச் செய்துகொள்வாள்.