வண்டியை நிறுத்தி வைப்பது

ஸ்டேஷன் மாஸ்டர் வேலையில் வண்டியை அனுப்புவது ஒன்றும் பெரிய காரியமில்லை. அடுத்த ஸ்டேஷனிடம் லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்ப அனுமதி, வாங்கி சிக்னலைப் போட்டால் போய்விடும். நிறுத்தி வைப்பதுதான் பாடு. கொஞ்ச நேரம் தாண்டினால் வண்டி ஓட்டத்தைக் கவனிக்கும் கன்ட்ரோல் ஆபீஸில் இருந்து போன், பயணிகள் ரூம் வாசலில் வந்து சத்தம் போடுவார்கள், அப்புறம் ஏன் தாமதம் என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். எதுவும் நடக்கவில்லை என்றால் பயந்தாங்கொள்ளி என்ற பெயர் வேறு.

அதனால்தான் 2023 டிசம்பர் 17 இரவு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன் மாஸ்டர் ஜாபர் அலி செய்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. தூத்துக்குடி மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸை அவர் ஸ்டேஷனிலேயே நிறுத்திவிட்டார், உள்ளே சுமார் 800 பேர். செய்துங்கநல்லூர் பக்கம் வெள்ளம் ஜல்லியையும் மண்ணையும் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் ஸ்லீப்பரோடு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். தண்டவாளம் அறுபடாமல் இப்படித் தொங்கினால் ஸ்டேஷனில் லைன் நிலையைக் காட்டும் பேனலில் லைன் காலி என்றே காட்டும், இன்ஜின் வெளிச்சத்தில் டிரைவருக்கும் இரண்டு கம்பியும் நேராகத்தான் தெரியும். ஆள் போய்ப் பார்த்தால் ஒழிய தெரியாது.

நிறுத்தியதோடு வேலை முடிவதும் இல்லை. சுற்றிலும் தண்ணீர், குழந்தைகள், வயதானவர்கள், சாப்பாடு கிடையாது. கொஞ்சம் பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள், ஊர்க்காரர்கள் வெள்ளத்துக்கு நடுவிலும் சமைத்துப் போட்டார்கள், ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலம் போட்டது. 19ஆம் தேதிதான் எல்லோரும் வெளியே வர முடிந்தது. அத்தனை பேரின் கோபத்தையும் முதல் இரவு வாங்கிக் கட்டிக்கொள்வது ஸ்டேஷனில் இருக்கிறவர்கள்தான், அதை எந்தச் செய்தியும் எழுதாது.

1956 நவம்பரில் அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தபோது லால் பகதூர் சாஸ்திரி அமைச்சர் பதவியை விட்டார். பெரிய மனசுதான், இன்றைக்கு யார் செய்வார்கள்? ஆனால் என் மாதிரி ஆட்களுக்கு அதைவிட முக்கியம், அடைமழையில் விளக்கும், தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் ஏறியதும் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் டெட்டனேட்டரும் எடுத்துக்கொண்டு, பாதையைப் பார்த்தபடி ராத்திரி முழுக்கத் தனியாக லைனில் நடக்கிற பேட்ரோல்மேன். அவர் சொன்ன நேரத்துக்கு வந்து சேரவில்லை என்றால் வண்டியை நிறுத்து, டிரைவருக்கு எழுத்தில் எச்சரிக்கை, அதாவது காஷன் ஆர்டர், கொடுத்து மெதுவாக அனுப்பு என்பது விதி. மழை நாட்களில் கடிகாரத்தைவிட அந்த ஆள் வரும் திசையைத்தான் அதிகம் பார்த்திருப்பேன்.

தனுஷ்கோடி கதையை எடுத்து, 1964 டிசம்பர் புயலில் கடல் அடித்துக்கொண்டு போன அந்த பாசஞ்சர் டிரைவர் ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. சிக்னல் கிடைக்காமல் நின்று பார்த்துவிட்டு, நீளமாக விசில் அடித்து நகர்த்தினார் என்கிறார்கள். வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களும் போனார்கள், அவரும் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜாபர் அலிக்கு, எதிரே பாதை சரியில்லை என்ற தகவல் வந்து சேர்ந்தது. தனுஷ்கோடி டிரைவருக்கு, கடல் உள்ளே வருகிறது என்று சொல்ல அந்த இருட்டில் யார் இருந்தார்கள்?