சரயேவோவில் அம்மாவும் ஐந்து லிட்டர் கேன்களும்

போஸ்னியாவின் தலைநகரான சரயேவோவில் நாங்கள் எடுத்திருந்த வீடு மலைச்சரிவில் இருந்தது. முதல் நாள் காலையில் பால்கனியில் நின்றுகொண்டு அம்மா கேட்டாள்: "ஏட்டி, அந்தா மேல வெள்ளையா தெரியுதே, கொக்குக் கூட்டமா?"

கொக்கு இல்லை. மீசான் கற்கள், முஸ்லிம் கல்லறைகளில் நடுபவை. எதிர் மலையில், வீடுகளுக்கு நடுவே, வெள்ளை வெளேரென்று கூட்டம் கூட்டமாக. சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று பேச்சை மாற்றினேன்.

நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். கோவில்பட்டியிலிருந்து அம்மா மூன்று மாதம் என்னோடு இருக்க வந்திருந்தாள். பாரிஸ், சுவிஸ் எல்லாம் காட்டியாயிற்று. சரயேவோ என் ஆசை. பத்தாம் வகுப்பில் முதல் உலகப் போரின் உடனடிக் காரணம் என்று மனப்பாடம் செய்த ஊர். 1914 ஜூன் 28, ஆஸ்திரிய இளவரசர், துப்பாக்கிச் சூடு. அந்த லத்தீன் பாலத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போய், இங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது என்றேன். "நம்ம ஊர் ஓடைப் பாலம் மாதிரில்ல இருக்கு" என்றாள். உண்மைதான், மில்யாட்ஸ்கா ஆறும் அப்படித்தான். கணுக்கால் ஆழம்கூட இருக்காது போலிருந்தது.

அம்மாவுக்கு இன்னொரு போரைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஊர் ஒரு கிண்ணத்தின் அடியில் கிடக்கிறது, சுற்றிலும் மலை. யுகோஸ்லாவியா உடைந்தபோது போஸ்னியா தனி நாடாயிற்று. அதை ஏற்காத போஸ்னிய செர்பியப் படைகள் மலைமேல் பீரங்கிகளோடு ஏறி உட்கார்ந்துகொண்டன. 1992 ஏப்ரலில் தொடங்கிய முற்றுகை 1996 பிப்ரவரி 29 அன்றுதான் முடிந்தது. 1,425 நாட்கள். இருபது வருட நினைவாக 2012-இல் பிரதான வீதியில் 11,541 சிவப்பு நாற்காலிகளைக் காலியாகப் போட்டார்களாம், செத்தவருக்கு ஒன்றாக. அதில் 643 குட்டி நாற்காலிகள்.

கோவாச்சி கல்லறைக்கு ஏறிப் போனோம். பிறந்த வருடம் கல்லுக்குக் கல் மாறுகிறது. இறந்த வருடத்தில் 92, 93, 94, 95 என்று நாலு எண்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அம்மாவுக்கு அந்த எழுத்து தெரியாது, எண் தெரியும். ஒரு வரிசை முழுக்கக் கழித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். பத்தொன்பது. இருபத்திரண்டு. பத்தொன்பது. அப்புறம் நிறுத்திவிட்டாள்.

கீழே நகர நடைபாதையில் ஓர் இடத்தில் அம்மா சட்டென்று காலைத் தூக்கி ஒதுங்கி நடந்தாள். என்ன என்றேன். "யாரோ கோலம் போட்டிருக்காங்க, மிதிக்கப் போனேன்." தரையில் சிவப்பாக, நடுவில் ஒரு குழியும் சுற்றிலும் சிதறிய கீறல்களுமாக இருந்தது. சரயேவோ ரோஜா என்கிறார்கள். மோர்ட்டார் குண்டு விழுந்து ஆட்கள் செத்த இடங்களில், கான்கிரீட்டில் விழுந்த வடுவைச் சிவப்புப் பிசின் ஊற்றி நிரப்பி வைத்திருக்கிறார்கள். தளம் மாற்றும்போது பல ரோஜாக்கள் காணாமல் போய்விட்டனவாம். ஊர்க்காரர்கள் சகஜமாக மிதித்துக்கொண்டு போனார்கள். அவர்களைத் தப்பு சொல்ல முடியாது, தினமும் வேலைக்குப் போகிற வழி. அம்மா மட்டும் மீதி மூன்று நாளும் தரையைப் பார்த்தே நடந்தாள்.

மார்க்கலே சந்தையில்தான் அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. 1994 பிப்ரவரியில் ஒரே குண்டில் 68 பேர் செத்த இடம் அது. இன்றும் காய்கறிச் சந்தைதான். பின்சுவரில் பெயர்கள், அதற்கு முன்னால் தக்காளியும் கத்திரிக்காயும். அரை கிலோ செர்ரிக்கு விரலைக் காட்டிப் பேரம் பேசினாள். கடைக்காரப் பாட்டியும் விரலைக் காட்டிப் பேசினார். யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டு பேர் முகத்திலும் திருப்தி.

சாப்பாடு பயந்த அளவுக்கு மோசமில்லை. புரெக் என்றால் இங்கே இறைச்சி வைத்தது மட்டும்தான். மற்றதெல்லாம் பீத்தா: பாலாடைக்கட்டி வைத்தால் சிர்னிட்சா, கீரை வைத்தால் ஸெல்யானிட்சா, உருளைக்கிழங்கும் உண்டு. வட்டத் தட்டில் சுருட்டி வைத்து, இரும்பு மூடி போட்டு, மூடிமேலும் தணலைக் கொட்டிச் சுடுகிறார்கள். எடை போட்டுத் தருகிறார்கள், கூடவே தயிர். அம்மா மூன்று வேளையும் கீரை. ஆனால் காபியில் தோற்றோம். செப்புத் தட்டில் ஜெஸ்வா என்கிற குட்டிக் காபிப் பாத்திரம், பிடியில்லாத சின்னக் கிண்ணம், சர்க்கரைக் கட்டி, 'லோக்கும்' என்கிற மிட்டாய் ஒரு துண்டு. நானே ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். அம்மா பாலைத் தேடினாள்.

காபி பிடிக்கவில்லை, பாத்திரம் பிடித்துவிட்டது. பழைய கடைவீதியான பாஷ்சார்ஷியாவில் கஸாஞ்ஜிலுக் என்று கன்னார் தெரு ஒன்று உண்டு. சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு கடையில் அம்மா ஜெஸ்வாவை வாங்கி உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். "ஈயம் பூசியிருக்கான்னு கேளு." எனக்கு ஆங்கிலத்திலேயே அதைக் கேட்கத் தெரியவில்லை. கடைக்காரருக்கு அந்தத் தடவலே புரிந்துவிட்டது. உள்ளே போய் ஈயம் தேய்ந்த பழைய பாத்திரம் ஒன்றையும் புதிதாகப் பூசிய ஒன்றையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அம்மா தலையாட்டினாள். வாங்கிவிட்டோம். அதே கடையில் துப்பாக்கி ரவைக் கூட்டில் செய்த பேனாக்களும், பித்தளைப் பூச்சாடிகளும் இருந்தன. பூச்சாடி என்பது பீரங்கிக் குண்டின் கூடு, மேலே பூவேலை. விஷயத்தைச் சொன்னதும் கையில் எடுத்ததை வைத்துவிட்டாள். "இதுல எவன் பூ வைப்பான்?" எனக்கும் அந்தப் பேனாக்கள் உறுத்தின. ஆனால் விற்கிறவரைவிட, அதைத் தேடி வருகிற என்னைப் போன்றவர்கள்மேல்தான் கோபம் வந்தது.

ஆற்றங்கரையில் இருக்கும் வியெச்னிட்சாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆஸ்திரியர்கள் கட்டி 1896-இல் திறந்த நகர மன்றம், பிறகு தேசிய நூலகம். 1992 ஆகஸ்டில் முற்றுகைப் படைகள் குண்டு வீசி எரித்தன. எரிந்த தாளின் சாம்பல் ஊரெங்கும் விழுந்ததாம். 2014-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். வண்ணக் கண்ணாடிக் கூரை, வரிசை வரிசையாக வளைவுகள். ஒரு பெரிய கல்யாண மண்டபம்போலப் பளபளக்கிறது. 1981-இல் சுமார் 97,000 நூல்களோடு எரிந்த யாழ்ப்பாண நூலகம் ஞாபகத்துக்கு வராமல் எப்படி இருக்கும்? அங்கேயும் கட்டடம் திரும்ப வெள்ளையாக எழுந்து நிற்கிறது. ஏட்டுச்சுவடிகள் திரும்பவில்லை.

அதற்கு நேர் எதிர்க்கரையில் ஒரு வீடு, இப்போது உணவகம். இந்த நகர மன்றம் கட்ட இடம் கேட்டபோது வீட்டுக்காரக் கிழவர் அசைய மறுத்தாராம். கடைசியில் ஒரு பை பொற்காசும், வீட்டைக் கல் கல்லாகப் பிரித்து எதிர்க்கரையில் அப்படியே கட்டித் தரவும் வேண்டும் என்று கேட்டு வாங்கினாராம். வீட்டின் பெயர் இனாத் குச்சா. குச்சா என்றால் வீடு. இனாத்துக்குப் பொருத்தமான சொல் தேடிக்கொண்டிருந்தேன். "வீம்பு" என்றாள் அம்மா, கதை முடிவதற்குள்.

முற்றுகைக்குள் இருந்த ஊரை வெளியோடு இணைக்க, விமான ஓடுபாதைக்கு அடியில் 1993-இல் தோண்டிய சுரங்கத்துக்கும் போனோம். மொத்தம் சுமார் 800 மீட்டர். ஒரு மீட்டர்தான் அகலம். உணவு, மருந்து, ஆயுதம், காயம்பட்டவர் எல்லாம் அதன் வழியே போய் வந்தன. இப்போது ஒரு சிறு துண்டுக்குள் மட்டும் நடக்கலாம். நான் குனிந்தே போனேன். அம்மா நிமிர்ந்து நடந்தாள்.

மூன்றாம் நாள் இரவு குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. நான் வீட்டுக்காரிக்குக் குறுஞ்செய்தி தட்டிக்கொண்டிருந்தபோதே அம்மா சமையலறைத் தொட்டியின் அடிக்கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே ஐந்து லிட்டர் கேன்கள், ஏழு, வரிசையாக, முழுக்க நிரப்பி. ஒன்றை எடுத்துப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள், தன் வீட்டில்போல.

காலையில் வீட்டுக்காரி மன்னிப்புக் கேட்டு மாடி ஏறி வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வந்த அன்றே அவரிடம் நான் போரைப் பற்றிக் கேட்டிருந்தேன். "கஷ்டமாக இருந்தது, முடிந்துபோயிற்று" என்று சிரித்துவிட்டு வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தார். இப்போது அம்மா கேனைக் காட்டி, எதற்கு இத்தனை என்று என்னைக் கேட்கச் சொன்னாள். அரை மணி நேரம் பேசினார். முற்றுகை தொடங்கியபோது ஒன்பது வயது. பீர் ஆலையின் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போவார்கள். பனியில் சறுக்குவண்டி, மற்ற நாளில் தம்பியின் தள்ளுவண்டி. அந்த வரிசைகளிலும் குண்டு விழும். ஒருமுறை பாதி வழியில் கேன் உடைந்து, குண்டுக்குப் பயப்படாதவர் தன் அம்மா அடிப்பாளோ என்று பயந்து அழுதாராம். இப்போது குழாயில் தண்ணீர் வந்தாலும் கேன் காலியாக இருந்தால் தூக்கம் வராது என்றார்.

பதிலுக்கு அம்மா ஆரம்பித்தாள்: கோவில்பட்டியில் பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பிடித்தது, குடத்துக்காகச் சண்டை. எனக்குக் கூச்சமாக இருந்தது. அதுவும் இதுவும் ஒன்றா? மொழிபெயர்க்கத் தயங்கினேன். அவர் விடவில்லை, சொல் என்றார். சொன்னேன். "பத்து நாளா? எத்தனை குடம் பிடிப்பீர்கள்?" என்று அக்கறையாகக் கேட்டார். அம்மா விரல் விட்டு எண்ணிக் காட்டினாள்.

கிளம்பும் நாள் தண்ணீர் வந்திருந்தது. டாக்சி கீழே ஹாரன் அடித்தது. அம்மா எடுத்த கேனை நிரப்பி, மூடியை இறுக்கி, கவிழ்த்துப் பார்த்து, ஏழாவதாக உள்ளே வைத்துவிட்டுத்தான் செருப்பைப் போட்டாள்.