ஏஞ்சல் தொட்டிக்குச் செடி: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 8, ஞாயிறு

செடி வாங்கச் சென்னைக் கொளத்தூர் போய் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த மீன் கடைத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது, ஆனால் சரக்கு அன்றைக்குத்தான் நிறைய வரும். என் ஏஞ்சல் மீன்கள் ஆறும் உள்ளங்கையில் பாதி அளவுக்கு வந்துவிட்டன. புதுத் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். இந்த உயரத்தில் மட்டும் நான் சமரசம் செய்துகொள்ளவில்லை. வளர்ந்த ஏஞ்சலை மேல் துடுப்பு நுனியிலிருந்து கீழ்த் துடுப்பு நுனி வரை அளந்தால் 20 செ.மீ.யைத் தாண்டும். மற்ற மீன்களுக்கு நீளம் எப்படியோ, இதற்கு உயரம் அப்படி. செடியும் அதே கணக்கில்தான் வேண்டும்.

முதல் கடையில் பையன் எடுத்துக் காட்டியது டிரசீனா. வீட்டு வரவேற்பறையில் ஜாடியில் வைக்கிற அதே ‘லக்கி பேம்பூ’ இனம். “இது சாகவே சாகாது சார்.” சாகாமலென்ன, சாக நாளாகும், அவ்வளவுதான். தரைச்செடியை முழுக்கத் தண்ணீருக்குள் அமுக்கினால் தண்டு மெல்ல அழுகித் தண்ணீரையும் கெடுக்கும். வாலிஸ்நேரியா மாதிரி அசல் நீர்ச்செடியைத் தண்ணீரிலிருந்து தூக்கினால் ஈரத்துணி போலத் தொங்கிவிடும். டிரசீனாவோ விறைப்பாக நின்றது. ஆனால் இந்தச் சோதனையை எல்லாவற்றுக்கும் போட முடியாது. அனுபியாஸும் அமேசான் ஸ்வோர்டும் பண்ணையில் தண்ணீருக்கு வெளியே வளர்ந்து வருவதால் அவையும் விறைப்பாகத்தான் நிற்கும். பெயர் தெரிந்து வாங்குவதே பத்திரம்.

அடுத்த கடை அண்ணன் விஷயம் தெரிந்தவர். “ஏஞ்சலுக்கா? அப்ப கார்ப்பெட் செடி பக்கமே போகாதீங்க,” என்றார். சரியான பேச்சு. தரையோடு படரும் அந்தச் செடிகளுக்குப் பளீரென்ற வெளிச்சம் வேண்டும், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வேண்டும், தண்ணீரும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஏஞ்சலுக்குப் பளீர் வெளிச்சமும் குளிர்ந்த தண்ணீரும் ஆகாது.

வாங்கியது: அமேசான் ஸ்வோர்ட் இரண்டு, வாலிஸ்நேரியா ஒரு கட்டு, பெரிய இலை அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பழுப்பு நிற கிரிப்டோகொரைன் வென்ட்டி, மேலே மிதக்க ஆகாயத்தாமரைக் குட்டிகள்.

மார்ச் 10, செவ்வாய்

ஆபீஸ் விட்டு வந்து நட்டேன். அதற்கு முன் ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்க்கிற வேலை. ஸ்வோர்ட் இலையின் அடியில், நடு நரம்பை ஒட்டி, ஜவ்வரிசிக் கூழ் போல ஒரு திட்டு. நத்தை முட்டை. நகத்தால் வழித்தெடுத்தேன். ஜாவா ஃபெர்ன் இலையடியில் வரிசையாக இருந்த பழுப்புப் புள்ளிகளைத் தொடவில்லை. அவை நோயல்ல, பெரணிக்கே உரிய வித்துகள்.

ஸ்வோர்ட் பின்பக்க மூலைகளில். வேர் மணலுக்குள், குருத்து மணலுக்கு மேலே. சாப்பாட்டை வேர் வழியாகத்தான் அதிகம் எடுக்கும் என்பதால் அடியில் உர மாத்திரை. அனுபியாஸுக்கும் ஜாவா ஃபெர்னுக்கும் இது தலைகீழ். அவற்றின் கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகும். மரக்கட்டையில் நூலால் கட்டி நிறுத்தினேன். வாலிஸ்நேரியா பின்சுவர் முழுக்க, இடைவெளி விட்டு. நடுவில் ஒன்றுமே வைக்கவில்லை. முழுக்க அடைத்தால் படத்தில் அழகாக இருக்கும், ஆனால் அவ்வளவு அகலமான துடுப்பைத் திருப்ப மீனுக்கு இடம் வேண்டாமா?

அமேசானில் ஏஞ்சல்கள் வாழும் இடத்தில் செடியைவிட மூழ்கிய வேர்களும் கிளைகளும்தான் அதிகம். உடம்பின் கறுப்புப் பட்டைகள் அந்தச் செங்குத்து நிழல்களுக்கு நடுவே ஒளிந்துகொள்ளத்தான். எனவே செடி எந்த நாட்டுக்காரன் என்று நான் பார்க்கவில்லை. அனுபியாஸ் மேற்கு ஆப்பிரிக்கா, வென்ட்டி இலங்கை. நின்ற வாக்கில் வளர்கிறதா, இலை அகலமா, எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பைத் தாங்குமா என்பதே கேள்வி.

மார்ச் 21, சனி

வென்ட்டி மொத்தமும் கூழாகிவிட்டது. எதிர்பார்த்ததுதான். கிரிப்டோகொரைனுக்கு இடம் மாறினாலே இலை கரையும், வேரைத் தொடாமல் விட்டால் மறுபடி துளிர்க்கும். கரைந்ததை மட்டும் உறிஞ்சி எடுத்தேன். ஸ்வோர்டின் பழைய வட்ட இலைகளும் மஞ்சளாகின்றன. நடுவிலிருந்து வரும் புது இலை நீளமாக, மெல்லியதாக இருக்கிறது. இதுதான் தண்ணீருக்குள் பிறந்த இலை.

அம்மா வந்து பார்த்துவிட்டு, “எல்லாம் வாடிப் போச்சேப்பா, பழைய பிளாஸ்டிக் செடியே தேவலை,” என்றார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வாலிஸ்நேரியா ஓட்டம் பிடித்துவிட்டது. மணலுக்கு மேலே கொடி விட்டு, தாய்ச்செடியிலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு குட்டி, அதிலிருந்து இன்னொன்று. கடினத் தண்ணீர் அதற்குத் தேன். பாசி ஒழிக்க என்று ‘திரவ கார்பன்’ விற்கிறார்கள். அதிலுள்ள குளூட்டரால்டிஹைடில் வாலிஸ்நேரியா கரைந்துவிடும் என்பதால் வாங்கவில்லை. அனுபியாஸ் இலையில் பாசி பிடிக்காமலிருக்க அதை ஆகாயத்தாமரை நிழலுக்குத் தள்ளினேன். விளக்கு ஏழு மணி நேரம், அதற்கு மேல் இல்லை.

நிழல் விழுந்ததும் ஏஞ்சல்களின் சுபாவமே மாறிவிட்டது. ஆள் அசைந்தால் மூலைக்கு ஓடியவை இப்போது வாலிஸ்நேரியா நாடாக்களுக்கு இடையில் அசையாமல் நின்று என்னையே பார்க்கின்றன. ஏஞ்சலும் சிக்லிட் என்ற மீன் குடும்பம்தான், ஆனால் அதே குடும்பத்து ஆஸ்கர் மீன் மாதிரி மணலைக் கிளறிச் செடியைப் பிடுங்கிப் போடாது. இரண்டு மீன் பெரிய ஸ்வோர்டைப் பங்கு போட்டுக்கொண்டு மற்ற நாலையும் விரட்டுகின்றன.

மே 3, ஞாயிறு

தண்ணீர் மதியம் 31 டிகிரி. நாளைக்கு அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது, இன்னும் ஏறும். ஜாவா ஃபெர்ன் இலைகள் நுனியிலிருந்து கறுக்கின்றன. இந்த ஊர் வெயிலில் அது முதலில் தளரும் என்று தெரியும், கெட்ட இலைகளை வெட்டிவிட்டேன். அனுபியாஸ் அசரவில்லை. வென்ட்டி நாலு புது இலையோடு திரும்பி வந்துவிட்டது. தொட்டி மூடியைத் திறந்து சின்ன ஃபேன் ஒன்றை மேற்பரப்பில் வீச வைத்திருக்கிறேன், தினமும் ஆவியாகும் தண்ணீரை ஊற்ற வேண்டியிருக்கிறது. மிதக்கும் இலைகள் ஒரு பக்கமாக ஒதுங்குகின்றன, போகட்டும்.

மே 16, சனி

ஜோடி சேர்ந்த இரண்டும் காலையிலிருந்து ஃபில்டர் குழாயை வாயால் துடைத்துக்கொண்டிருந்தன. இத்தனை அகல இலை வைத்துக் கொடுத்தும் பிளாஸ்டிக் குழாய்! செங்குத்தாக, வழுவழுப்பாக இருந்தால் போதும் அவற்றுக்கு. மதியம் மனசு மாறி ஸ்வோர்டின் நடு இலைக்கு வந்தன. பெட்டை இலையைத் தடவியபடி மேலே போக, பின்னால் வரிசையாக முத்து முத்தாக முட்டை. ஆண் அதே பாதையில் பின்னாலேயே போனது. இப்போது இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறுகின்றன. இலை தளர்ந்த செடியாக இருந்திருந்தால் இந்த விசிறலுக்கே சாய்ந்திருக்கும்.

மே 19, செவ்வாய்

பொரித்துவிட்டன. கருவுறாத சில முட்டைகள் மட்டும் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கின்றன. மற்றவை தலைப்பக்கப் பசையால் இலையில் ஒட்டியபடி வாலை உதறுகின்றன. பெற்றோர் அவற்றை வாயில் கவ்வி அனுபியாஸ் இலைக்கு மாற்றுகின்றன. முதல் ஈட்டில் தின்றுவிடுவதும் உண்டு, பார்க்கலாம். நாலைந்து நாளில் நீந்தத் தொடங்கும், அதற்குள் குஞ்சுகளுக்குத் தீனியாக ஆர்ட்டீமியா என்ற குட்டி இறால் வகையின் முட்டை வாங்கிப் பொரிக்கப் போட வேண்டும். மற்ற நாலையும் இன்றைக்கே பழைய தொட்டிக்கு மாற்றுகிறேன், வாலிஸ்நேரியாக் குட்டிகளில் பாதி அங்கே போகட்டும்.