மொளகு சீசன்ல மரத்துலருந்து விழுந்தவங்கள அப்படியே தூக்காதீங்க

கொடைக்கானல் கீழ்மலையில தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் மொளகு பறிப்பு ஆரம்பிச்சாலே எனக்கு வயித்துல புளிய கரைக்கும். சில்வர் ஓக் மரத்துல ஒத்த மூங்கில் ஏணிய சாத்தி அவ்ளோ ஒசரத்துல நின்னு பறிக்கிறாங்க, காலைப்பனியில மூங்கில் வழுக்கும். விழுந்தா எல்லாரும் ஓடிவந்து ஆளுக்கொரு கை, கால புடிச்சு தூக்கி ஜீப்புல போடுறோம், இல்ல உக்கார வச்சு தண்ணி குடுக்குறோம். பாசத்துல பண்றதுதான், ஆனா முதுகெலும்பு ஒடஞ்சிருந்தா உள்ள இருக்குற தண்டுவடம் அந்த தூக்குலயே நசுங்கிரலாம், அப்புறம் கால் வராமயே போயிரலாம்.

எங்க சித்தப்பா பையன் விழுந்தப்ப அங்க இருந்த நர்ஸ் அக்கா ஒருத்தங்க பண்ணத சொல்றேன். அவன் தலைமாட்டுல குப்புற படுத்து, ரெண்டு முழங்கையையும் மண்ணுல ஊனி, தலைய ரெண்டு கையாலயும் அசையாம புடிச்சுகிட்டாங்க. "தம்பி, ஆமா இல்லன்னு தலைய ஆட்டாத, வாயால சொல்லு"ன்னாங்க. கால் வெரல் அசையுதா, தொட்டா தெரியுதான்னு கேட்டாங்க. இடுப்புல சொருகியிருந்த அரிவாள், பின் பாக்கெட் போன், சாவி எல்லாத்தையும் எடுக்க சொன்னாங்க. உணர்ச்சி இல்லாத எடத்துல சாவி அழுத்துனா கூட புண்ணாயிரும், அவனுக்கு வலிக்காது, நமக்கும் தெரியாது.

108 வர முடிஞ்ச எடம்னா அவங்க வர்ற வரைக்கும் காத்திருக்கறதுதான் நல்லது. ரோடே இல்லாத தோட்டம்னா நம்மாளுங்க டோலி கட்டுவாங்க, போர்வை நடுவுல தொங்கி முதுகு வில்லா வளையும், தயவுசெஞ்சு அது வேணாம். கதவோ அகலமான பலகையோ எடுங்க. தலைய புடிச்சவங்க சொல்ற ஒரே சத்தத்துக்கு மத்தவங்க தோள், இடுப்பு, கால மரக்கட்டைய உருட்டுற மாதிரி ஒண்ணா திருப்பி பலகைய உள்ள தள்ளணும். கழுத்துக்கு ரெண்டு பக்கமும் துண்ட சுருட்டி வச்சு, கழுத்த இறுக்காம தலைய பலகையோட சேத்து கட்டிருங்க. வாந்தி எடுத்தாலும் இதே மாதிரிதான் மொத்தமா ஒருக்களிச்சு திருப்பணும், பொறைக்கேறுனா அதுவே உயிர எடுத்துரும். மூச்சே இல்லன்னா மட்டும் முதுக பத்தி யோசிக்காதீங்க, மூச்சுதான் முதல்ல.

கழுத்துல அடின்னா இன்னும் உஷார். மூச்சு விட வைக்கிற உதரவிதானத்துக்கு நரம்பு கழுத்து தண்டுவடத்துல மேலருந்து 3, 4, 5வது பகுதியிலருந்துதான் வருது, நல்லா பேசிகிட்டிருந்தவருக்கே போகப்போக மூச்சு திணறலாம். அடிபட்டதுக்கு கீழ ஒடம்பு சூட்ட காப்பாத்திக்காது, நம்ம மலைக்குளுர்ல ஈரத்துணிய வெட்டி எடுத்துட்டு கம்பளி போத்துங்க.

கீழ வத்தலக்குண்டு தாண்டி மதுரையோ தேனியோ பெரியாஸ்பத்திரி போனதும் சிடி, எம்ஆர்ஐ எடுப்பாங்க, பிரஷர் எறங்காம பாத்துக்குவாங்க. தண்டுவடத்துல அழுத்தம் இருந்தா முடிஞ்சவரை 24 மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ண பாப்பாங்க. பலகை தூக்கிட்டு போறதுக்கு மட்டும்தான், மணிக்கணக்கா அதுலயே போட்டா முதுகுல புண்ணு வரும்.

தோட்டம் வச்சிருக்குறவங்க மொளகு காயப்போடுற களத்து பக்கம் ஆள் நீளத்துக்கு ஒரு பலகை, நாலு பெல்ட், ஒரு கம்பளி வாங்கி வைங்க. ஆஸ்பத்திரில எப்ப விழுந்தாரு, எவ்ளோ ஒசரம், அப்ப கால் அசைஞ்சுதா இல்லையா, இந்த மூணையும் மொதல்ல சொல்லுங்க.